தொட்டிக் கண்ணாடியில் ஊர்வது யார்?

மதுரையில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி, வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு கட்டம் வந்தே தீரும். உப்புத்தண்ணீர் கலந்து, கல் அடுக்கி, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறும் ‘சைக்கிள்’ முடிந்து, சென்னை கொளத்தூரில் இருந்து ஆம்னி பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டி வந்து, மாட்டுத்தாவணியில் காத்திருந்து வாங்கி, அதில் இருந்த நாலு பவளத் துண்டுகளைக் கல்லில் ஒட்டியிருப்பார்கள். சில வாரம் போகும். ஒரு ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது பார்த்தால் கண்ணாடியில் என்னமோ ஊரும். காசு கொடுத்து வாங்கியது அல்ல, கடைக்காரர் சொன்னதும் அல்ல. அடுத்த நிமிஷம் விஷயம் தெரிந்த ஒருவருக்கு மங்கலான ஒரு படமும் மெசேஜும் போகும்: “அண்ணே, இது என்னண்ணே? மீனுக்கு ஏதும் ஆயிருமா?”

அந்தப் படத்தை வைத்துப் பெரும்பாலும் எதுவும் சொல்ல முடியாது. மங்கலாக இருப்பது ஒரு காரணம்தான். படம் பளிச்சென்று இருந்தாலும் இந்தச் சிறு பிராணிகளில் பலவற்றை இனப்பெயர் வரை அடையாளம் காண, அந்தத் துறையிலேயே இருப்பவருக்குக்கூட நல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும், சில சமயம் டி.என்.ஏ. சோதனையும் வேண்டும். நல்லவேளை, தொட்டிக்காரருக்கு இனப்பெயர் தேவையில்லை. இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, எதைத் தின்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். அந்த இரண்டையும் உருவத்தைவிட நடத்தைதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது, எப்படி நகர்கிறது, பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் என்ன செய்கிறது. படம் அனுப்பும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது இவைதான். படத்தைவிடப் பத்து விநாடி வீடியோ ரொம்ப மேல். கண்ணாடிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டிப் பிடித்தபடி எடுத்தால் அளவும் தெரிந்துவிடும். நீல விளக்கில் எடுக்காமல் வெள்ளை விளக்கில் எடுத்தால் நிறமும் பொய் சொல்லாது.

முதலில் இவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். தொட்டிக்குள் தானாக எதுவும் முளைப்பதில்லை. பவளத் துண்டு ஒட்டியிருக்கும் அடித்தட்டில், அதன் பொந்தில், பாசியின் வேரில், நத்தை ஓட்டில், பையில் வந்த தண்ணீரில் முட்டையாகவோ குஞ்சாகவோ துண்டாகவோ ஏறி வந்தவை. மென்பவளங்களில் நிறைய இந்தோனேசியக் கடலில் இருந்து வருபவை. அங்கிருந்து நாலு விமான நிலையம், ஐந்து தொட்டி கடந்து மதுரைக்கு வந்து சேரும்போது, வழியில் இருந்த தொட்டிகளின் பிராணிகளும் சேர்ந்தே வந்திருக்கும். அதனால் தொட்டியில் ஊரும் ஒன்றைப் பார்த்து “இது மன்னார் வளைகுடாவில் இருப்பதுதானே” என்று ஊகிப்பது சரிவராது. மண்டபம் இங்கிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது என்றாலும், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட யாரும் எடுத்து வரக்கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளையும் சுற்றிய கடலையும் 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கடினப் பவளங்கள் எல்லாவற்றையும், கடல்குதிரை, கடல் அட்டை முதலியவற்றையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி வெட்டி அந்தத் தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. “பீச்ல கிடந்த செத்த கல்லுதானே” என்ற சமாதானம் செல்லாது.

இதனால் நம் ஊர்த் தொட்டிகளில் பெரும்பாலும் செயற்கைக் கல்தான் இருக்கும். கடலில் இருந்து நேரே வரும் லைவ் ராக்கில் நூற்றுக்கணக்கான வகை உயிர்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டு இருக்கும். வெறுங்கல்லில் தொடங்கும் தொட்டிக்கு, பவளத் துண்டோடு ஏறி வந்த ஏழெட்டு வகைதான் குடித்தனம். போட்டியும் இல்லை, பிடித்துத் தின்ன ஆளும் இல்லை. அதனால்தான் ஒரு வகை மட்டும் திடீரென்று ஆயிரக்கணக்கில் பெருகும், அப்புறம் காணாமல் போகும், அடுத்தது பெருகும். புதிதாகத் தொடங்கியவர்கள் பயப்படுவது இந்தப் பெருக்கத்தைப் பார்த்துத்தான்.

பெயர் கிடைக்காதது நம் ஊர்க்காரர்களின் குறை இல்லை என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்லலாம். ரீஃப் தொட்டிகளில் உலகம் முழுக்கத் தொல்லை தரும் செந்நிறத் தட்டைப்புழு ஒன்று இருக்கிறது. கான்வொலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்று அறிவியல் பெயர். அதை 1988-இல் விவரித்தபோது கையில் இருந்த மாதிரிகள் கடலில் பிடித்தவை அல்ல, மீன்தொட்டியில் எடுத்தவை. அக்ரோபோரா என்ற பவளத்தைத் தின்னும் இன்னொரு தட்டைப்புழுவின் கதை இன்னும் சுவாரஸ்யம். தொட்டிக்காரர்கள் பல வருஷமாக அதோடு மல்லுக்கட்டிய பிறகு, 2011-இல்தான் அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். அது கடலில் எங்கே வாழ்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2012-இல்தான் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் அதைக் கண்டதாக ஆய்வுக்கட்டுரை வந்தது.

சரி, பார்ப்பது எப்படி? பெரிய செலவு இல்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் கல்லையும் முத்திரையையும் பார்க்கக் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால், பாதிப் பிராணிகளுக்கு அதுவே போதும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பிராணிகளில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, ஓடி ஒளியாமல் தம் வேலையைப் பார்க்கும். லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். பிடிப்பதற்கு ஊசி இல்லாத மருத்துவ சிரிஞ்சும் ஒரு முழம் ஏர் டியூபும். பிடித்ததைத் தொட்டித் தண்ணீரோடு வெள்ளைச் சாஸரில் விட்டால் கால், கண், கோடு எல்லாம் தெளிவாகத் தெரியும். வெள்ளைப் பிராணி என்றால் கறுப்பு மூடி ஒன்றில் விடலாம்.

இனி நகர்வு. கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெள்ளைப் புள்ளி, கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், சட்டென்று ஒரு துள்ளு துள்ளி, மறுபடி நின்றால் அது கோப்பிபாட், இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சின்னப் பிராணி. சந்தேகமே வேண்டாம். லென்ஸை வைத்துப் பாருங்கள். முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கிய உடல், தலை நடுவில் ஒரே ஒரு சிவந்த கண், முன்னால் இரண்டு உணர்கொம்பு, வால் நுனியில் மயிர்கள். பெண் என்றால் அடிவயிற்றில் முட்டைப் பை தொங்கும். வகையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு. பையோடு இருக்கும் பெண்ணை ஒரு சாஸரில் விட்டுப் பார்த்தால், முட்டை பொரிந்து வெளியே வரும் குஞ்சுக்கும் தாய்க்கும் உருவ ஒற்றுமையே இருக்காது. வட்டமான உடலில் மூன்று ஜோடிக் கால் மட்டும். பல முறை தோலுரித்த பிறகுதான் அது கோப்பிபாட் உருவத்துக்கு வரும். “ரெண்டு வகைப் பூச்சி இருக்குண்ணே” என்று சொல்பவர்கள் பல நேரம் பார்ப்பது தாயையும் பிள்ளையையும்தான்.

கோப்பிபாட் கண்ணாடியில் படியும் பாசிப் படலத்தையும் மீந்த தீனித் துகளையும் தின்கிறது. மீனையோ பவளத்தையோ தொடாது. மாண்டரின் மீன் வைத்திருப்பவர்கள் இதைக் காசு கொடுத்து பாட்டிலில் வாங்கி ஊற்றுகிறார்கள், ஏனென்றால் அந்த மீன் பெரும்பாலும் இதை மட்டும்தான் தின்னும். பயந்துபோய் இதைக் கொல்ல மருந்து கேட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஆனால் கோப்பிபாட் என்ற கூட்டத்துக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய கெட்ட பெயரும் உண்டு. ஊர்ப் பெரியவர்களுக்கு நரம்புச் சிலந்தி என்ற புழுநோய் ஞாபகம் இருக்கலாம். படிக்கட்டுக் கிணற்றிலும் ஊருணியிலும் நின்று தண்ணீர் மொண்டு குடித்த காலத்தில், அந்தத் தண்ணீரில் இருந்த சைக்ளாப்ஸ் என்ற நன்னீர்க் கோப்பிபாட்தான் அந்தப் புழுவின் குஞ்சைச் சுமந்துகொண்டு வயிற்றுக்குள் போனது. சுமார் ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி, முழ நீளத்துக்கும் மேலான புழு வெளியே வரும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதே இந்தப் புள்ளியைத் தடுக்கத்தான். கிணறுகளைச் சீர்செய்து, வடிகட்டச் சொல்லிச் சொல்லி, 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோயில் இருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கடல் தொட்டியில் இருப்பது அந்தச் சைக்ளாப்ஸின் தூரத்துச் சொந்தம். இதற்கும் அந்தப் புழுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

வெள்ளைப் புள்ளி என்றதும் இன்னொரு பயம், மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய். கடல்மீனில் அதை உண்டாக்குவது கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனைத் தேடி அது நீந்தித் திரியும் பருவத்தில் கண்ணுக்கே தெரியாது. மீனின் தோலுக்குள் புகுந்து வளர்ந்த பிறகுதான் உப்புத் தூவிய மாதிரித் தெரியும். ஆகவே கண்ணாடியில் ஓடுவது அந்த நோய் அல்ல. ஊராமல் அப்படியே ஒட்டியிருக்கும் நீள்வட்ட வெள்ளைப் புள்ளிகள் என்றால் நெரைட் நத்தை இட்ட முட்டையாக இருக்கும். நகத்தால் சுரண்டினால்தான் போகும்.

அடுத்த அளவு, ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர். கல் இடுக்கில் ஒருக்களித்துப் படுத்தபடி விறுவிறுவென்று ஓடி மறைகிறது, உடல் வளைந்து பக்கவாட்டில் தட்டையாக இருக்கிறது என்றால் ஆம்பிபாட். மார்க்கெட்டில் விற்கும் கருவாட்டுக் கூனியை உயிரோடு பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். இதுவும் குப்பை தின்னிதான். உடல் மேலிருந்து கீழாகத் தட்டையாக, நிறையக் கால்களோடு இருந்தால் ஐசோபாட். அதில் பெரும்பாலானவை அப்பாவிகள், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் வகையும் உண்டு. சிரோலனிட் என்ற குடும்பம் மட்டும் விதிவிலக்கு. தலையின் இருபுறமும் பெரிய கறுத்த கண், நேராக வேகமாக நீந்தும், ராத்திரியில் மீன்மேல் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். காலையில் மீனின் உடலில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தால்தான் இந்தச் சந்தேகத்துக்கே இடம். கல்லுக்கு மேலே தண்ணீரில் கூட்டமாக ஒரே இடத்தில் மிதந்து நிற்கும் கண்ணாடி நிறத்துக் குட்டி இறால்கள் மைசிட். அவை பெருகினால் தொட்டி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

வழுக்கிப் போகிறவை வேறு ரகம். கால் இல்லை, துள்ளல் இல்லை, கண்ணாடியோடு ஒட்டி மெதுவாக நழுவும். முதலில் ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த உடலின் முதுகில் நகம் அளவுக்குச் சின்ன ஓடு, வெளிச்சம் பட்டதும் நத்தைக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டம் என்றால் அது ஸ்டோமட்டெல்லா நத்தை. பிடித்து இழுத்தால் பல்லி வாலை விடுவதுபோல் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்பும். பாசி தின்னும் நல்ல பிராணி, பத்திரமாகத் திரும்ப விடுங்கள்.

ஓடே இல்லாமல், சில மில்லிமீட்டர் நீளத்தில், துருப்பிடித்த சிவப்பில், பின்பக்கம் இரண்டு மூன்று மடலாகப் பிரிந்து இருந்தால், மேலே சொன்ன அந்தச் செந்நிறத் தட்டைப்புழுவாக இருக்கலாம். சாஸரில் விட்டு லென்ஸ் வழியே பின்மடல்களுக்கு நடுவே பாருங்கள். அங்கே குட்டி ஒன்று அரும்பிக்கொண்டு இருக்கும், தலை எதிர்ப்பக்கம் பார்த்தபடி. தாய் ஒரு திசையில் போகப் பார்க்கும், குட்டி மறு திசையில் இழுக்கும். கடைசியில் பிய்த்துக்கொண்டு தன் வழியில் போய்விடும். முட்டைக்கோ ஜோடிக்கோ காத்திருக்கத் தேவையில்லை என்பதால்தான் ஒன்று இருந்தாலும் இரண்டு மாதத்தில் கல்லே சிவக்கிறது. உடலுக்குள் பாசியைக் குடிவைத்துக்கொண்டு வெளிச்சத்தில் இருந்தும் சாப்பாடு தேடிக்கொள்ளும், கோப்பிபாடையும் பிடித்துத் தின்னும். பவளத்தை நேரடியாகத் தின்னாது, ஆனால் மேலே போர்த்திக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கும். தட்டைப்புழு என்று நாம் சொன்னாலும் இந்தக் கூட்டத்தை உண்மையான தட்டைப்புழுக்களோடு சேர்க்கக் கூடாது என்று மரபணு ஆய்வுகள் பிரித்துவிட்டன. தொட்டிக்காரருக்கு முக்கியமான செய்தி வேறு. இவை கூட்டமாகச் செத்தால் உடலில் இருந்து நஞ்சு வெளியேறி மீனைப் பாதிக்கும். அதனால் மருந்தை ஊற்றும் முன் ஏர் டியூபால் முடிந்த மட்டும் உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, நஞ்சை உறிஞ்சும் கார்பனையும் கொஞ்சம் புதுத் தண்ணீரையும் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

நான் பார்த்தவற்றில் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்க்க வைத்தது நடக்கும் ஜெல்லிமீன்தான். ஜெல்லிமீன் என்றால் நீந்த வேண்டாமா என்று கேட்பீர்கள். ஸ்டாரோக்ளாடியா, எலூத்தீரியா என்ற வகைகள் நீந்துவதை ஏறக்குறைய விட்டுவிட்டன. கண்ணாடியில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் சின்ன நட்சத்திரம் ஒட்டியிருப்பதாகத்தான் முதலில் தோன்றும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு உணர்கொடியும் நுனிக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழ்க்கிளையின் நுனி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், மேல்க்கிளை நிமிர்ந்து நிற்கும், அதில்தான் கொட்டும் செல்கள். கீழ்க்கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடக்கும்போதே, மேல்க்கிளையில் கோப்பிபாட் சிக்கினால் அப்படியே மடக்கி நடுவில் இருக்கும் வாய்க்குக் கொண்டுபோகும். இதுவும் உடலைப் பிரித்தோ மொட்டு விட்டோ பெருகும். கோப்பிபாட் நிறைந்த தொட்டியில் சில வாரம் கண்ணாடி முழுக்க இருக்கும், அப்புறம் தானே குறைந்துவிடும். பெரிய மீன்களுக்கு ஆபத்து இல்லை. மீன்குஞ்சு வளர்ப்பவர்கள் மட்டும் கவலைப்படலாம்.

இதோடு குழப்பிக்கொள்வது ஆஸ்டரினா என்னும் குட்டி நட்சத்திரமீன். ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் இருக்கும், கைகள் ஒரே அளவில் இருக்காது. உடலை இரண்டாகப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொரு பாதியும் மீதிக் கைகளை வளர்ப்பதால் அந்தக் கோணல். ஆஸ்டரினா பவளத்தைத் தின்னுமா என்பதில் தொட்டிக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. ஒரே பெயரில் பல வகைகளை அழைக்கிறோம். பெரும்பாலானவை படலத்தையும் பாசியையும் மேய்பவை, சில வகைகள் சோவாந்திட் என்ற பவளப் பூக்கள் மேல் ஏறித் தின்கின்றன என்ற புகாரும் இருக்கிறது. நோயில் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் பவளத்தின்மேல் சாப்பாட்டுக்கு ஏறியதைப் பார்த்துவிட்டு அதையே கொலைகாரன் என்று முடிவு செய்வதும் நடக்கிறது. நன்றாக விரிந்திருக்கும் பவளத்தின்மேல் ராத்திரிக்கு ராத்திரி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். பொந்தில் இருந்து மெல்லிய கைகளை மட்டும் நீட்டி ஆட்டிக்கொண்டிருப்பது நட்சத்திரமீனுக்குச் சொந்தமான குட்டிப் பிரிட்டில் ஸ்டார், ஐந்து கையோ ஆறு கையோ இருக்கும், நல்லதே செய்யும்.

இதே அநியாயத் தீர்ப்பு பிரிசில் வார்ம் என்ற மயிர்ப்புழுவுக்கும் கிடைக்கிறது. மீன் செத்துக் கிடக்கும், அதன்மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை மயிர்க்கட்டு உள்ள புழுக்கள் மொய்க்கும். பார்ப்பவர் புழுதான் மீனைக் கொன்றது என்பார். அது பிணம் தின்னி. அம்மோனியா ஏறாமல் அது தின்று முடித்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். கையில் மட்டும் படக்கூடாது. அந்த மயிர் சுண்ணாம்புச் சத்தால் ஆனது, தோலில் குத்தி ஒடிந்துவிடும். குத்திவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து எடுங்கள். கல்லைத் தொடும்போது கையுறை போட்டுக்கொண்டால் இந்த வேலையே இல்லை.

பயப்பட வேண்டிய புழு யூனிசிட். தலையில் ஐந்து உணர்கொம்பு, உடலில் வானவில் மினுமினுப்பு, மயிர்க்கட்டு எடுப்பாகத் தெரியாது, பலமான தாடை. 2009-இல் இங்கிலாந்தின் நியூக்கீ ஊரில் உள்ள பொது மீன்காட்சியகத்தில் பவளம் வெட்டுப்பட்டு, மீன்கள் குறைந்துகொண்டே போயின. கடைசியில் காட்சித் தொட்டியைப் பிரித்தபோது நாலடி நீளப் புழு ஒன்று உள்ளே இருந்தது. குஞ்சாக ஏதோ ஒரு கல்லில் வந்து வருஷக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. செயற்கைக் கல் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு.

நகராமல் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடியிலும் பம்பிலும் ஒட்டிய, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாத வெள்ளைச் சுருள்கள் ஸ்பைரார்பிட் புழுவின் குழாய். தொல்லை இல்லை. கல்லில் இருந்து கூர்மையாக எழுந்து நிற்கும் கடினக் குழாய், அதில் இருந்து சிலந்தி வலை மாதிரி ஒரு சளிவலை வெளிவருகிறது என்றால் வெர்மெட்டிட் நத்தை. அந்த வலை பக்கத்துப் பவளத்தை உறுத்தும், குழாய் வாயில் சூப்பர் க்ளூ ஜெல் ஒரு சொட்டு வைத்து அடைத்துவிடலாம். தொட்டியோடு இணைத்து வடிகட்டியை வைக்கும் சம்பின் இருட்டில் வெள்ளையாக, மேலே மயிர்க் கிரீடத்தோடு தொங்குபவை சைக்கான் என்ற கடற்பஞ்சு, விட்டுவிடுங்கள். பழுப்பாக, பாதி ஊடுருவித் தெரியும் குட்டிக் கடற்சாமந்தி, விரல் நிழல் பட்டதும் பொந்துக்குள் சுருங்கினால் எய்ப்டேசியா. இதை மட்டும் முதல் நாளே கவனிக்க வேண்டும். பிய்த்து எடுக்கப் போனால், ஒட்டிய பாதத் துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். பெப்பர்மின்ட் இறாலோ, எய்ப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லா நத்தையோதான் நிலையான தீர்வு.

சில “பிராணிகள்” பிராணியே அல்ல. மணலில் பழுப்புப் பொடி படிவது புதுத் தொட்டியில் டயட்டம் பாசி. சிலிக்கா கலந்த போர் தண்ணீரை அரைகுறையாக வடிகட்டி ஊற்றினால் அது நீளும். பழுப்பாக, சளியாக, நுனியில் காற்றுக்குமிழியோடு இழைந்தால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர் என்று சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பேரினப் பெயர் வரை போயே ஆக வேண்டும், ஏனென்றால் வைத்தியம் அதைப் பொறுத்து மாறுகிறது. விஞ்ஞானி மானு பிரகாஷும் அவருடைய மாணவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் மைக்ரோஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அதுவே இதற்குப் போதும். ஒரு சொட்டுச் சளியை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூரான துளி வடிவச் செல்கள், கூர்நுனியை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். ராத்திரியில் இது தண்ணீருக்குள் எழும்பி மிதக்கும், அதனால் தன்னைக் கடந்து ஓடும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும் யு.வி. விளக்கு வேலை செய்யும். மணலை விட்டு எழும்பாத ஆம்ஃபிடினியம் வகைக்கு அதே விளக்கை வாங்கி மாட்டினால் காசு தண்டம். ஆஸ்ட்ரியாப்சிஸ் நஞ்சுள்ளது என்பதால் நத்தைகள் சாகவும் கூடும்.

தெரியாத ஒன்றைப் பார்த்ததும் மருந்து தேடுவதுதான் பிராணியைவிடப் பெரிய ஆபத்து. நன்னீர் மீனுக்கு விற்கும் தாமிர மருந்தை ரீஃப் தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம், கோப்பிபாட் போன்ற நல்ல பாட் எல்லாம் போகும், கல் அந்தத் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கல்லை எடுத்து வெந்நீரில் கொதிக்கவிடும் யோசனை இன்னும் மோசம். பாலித்தோவா போன்ற சில பவளப் பூக்களில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அப்படிக் கொதிக்க வைத்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகி இருக்கின்றன. புதிதாக வரும் பவளத் துண்டைத் தனிப் பாத்திரத்தில், ஒட்டி வந்தவற்றை உதிர்க்கும் டிப் மருந்தில் முக்கி ஆட்டி, விழுவதைப் பார்த்து, அடித்தட்டை வெட்டிவிட்டுத் தொட்டியில் வைத்தால் பாதிப் பிரச்சினை உள்ளேயே வராது. டிப் முட்டையைக் கொல்லாது என்பதால் சில வாரம் தனித்தொட்டியில் வைப்பது இன்னும் நல்லது.

மருந்தைவிட அவசரமான ஒரு நிலைமை உண்டு. சித்திரை வெயிலில், கரண்ட் போன ராத்திரியில், நத்தை, புழு, பிரிட்டில் ஸ்டார் என்று பொந்தில் இருப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் மேல்மட்டத்துக்கு ஏறினால், யார் என்று லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. சூடான தண்ணீர் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், பம்பும் நின்றால் மிச்சமும் போய்விடும். பேட்டரி ஏர் பம்பைப் போட்டுவிட்டு அப்புறம் பெயரைத் தேடலாம்.

பிடித்ததை என்ன செய்வது? ராமேஸ்வரம் போகும்போது பாட்டிலில் எடுத்துப் போய்க் கடலில் விட்டால் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். இந்தோனேசியத் துண்டோடு வந்த எய்ப்டேசியாவோ தட்டைப்புழுவோ மன்னார் வளைகுடாவுக்குச் சொந்தமில்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவுப் பக்கத்துப் பவளங்களின்மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை இன்றுவரை முழுசாக அப்புறப்படுத்த முடியவில்லை. உறிஞ்சி எடுத்தவற்றை ஒரு வாளி குழாய்த் தண்ணீரில், கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு நாள் வைத்துவிட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள். நல்ல பாட்களாக இருந்தால் வாளிக்கு அனுப்பாமல், இன்னொரு தொட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். மாண்டரின் வைத்திருப்பவர் வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வந்துவிடுவார்.